எட்டாவது போர்ஷன்

நான் பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. மூன்று மாடி உயரத்தில் ஏணியில் நின்று கூரை மாற்றியிருக்கிறேன். சுவருக்குள் கையை விட்டு எலிக்கூட்டை வெளியே எடுத்திருக்கிறேன். ஒருமுறை மின்சாரம் என்னைத் தூக்கி எறிந்தது. எழுந்ததும் முதல் வேலையாக எலக்ட்ரீஷியனைத் திட்டினேன். ஆனால் பிப்ரவரி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்துக்கு, நகராட்சி வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு மிக மரியாதையாக, "பத்து மணிக்கு வந்து போர்ஷன்களை ஒரு தடவை எண்ணிப் பாத்துட்டுப் போயிடறேன் மேடம்" என்றபோது, கையில் இருந்த காபியை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வண்டியின் மேல் வைத்தேன். அது கவிழ்ந்து பனியில் கொட்டியது.

என் பெயர் லவோன் பெட்டவே. ஒஹையோவில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் சின்னதாக ஒரு கட்டுமானக் கம்பெனி வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். பழைய வீடுகளைச் சரிசெய்து குடியிருக்கும்படி ஆக்குவது எங்கள் பிழைப்பு. அப்போது ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. வரி பாக்கிக்காக நகராட்சி கைக்கு வந்த கட்டடம். குடியிருந்தவர்களையெல்லாம் வேறு வீடு பார்த்து அனுப்பிவிட்டு எங்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். பணம் வாஷிங்டனிலிருந்து வந்தது.

வாஷிங்டன் பணம் என்றால் கூடவே ஒரு சட்டமும் வரும். கட்டடத்தில் ஏழு போர்ஷன் வரை இருந்தால், என் ஆட்களுக்கு நான் பேசிய கூலி. எட்டு இருந்தால், அந்த வட்டாரத்துக்கென்று அரசாங்கம் அச்சடித்து வைத்திருக்கும் கூலி. சுவருக்குப் பட்டி பார்க்கிறவனுக்கு நான் மணிக்கு இருபத்தொரு டாலர் தருகிறேன். அந்தப் பட்டியலில் அவனுக்கு நாற்பத்தாறு. மோசமான சட்டம் என்று சொல்ல மாட்டேன். கூலிக்காரன் வயிற்றை நினைத்து எழுதிய சட்டம். ஆனால் அந்த நாற்பத்தாறைக் கணக்கில் வைத்து டெண்டர் போட்டவளுக்குத்தான் அது நல்ல சட்டம். நான் இருபத்தொன்றை வைத்துப் போட்டவள்.

எட்டு என்று ஆகிவிட்டால், முதல் நாளிலிருந்து எல்லாருக்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர். என்னிடம் ஒரு லட்சம் கிடையாது. ஒரு வீடு இருந்தது. அதையும் இந்த வேலைக்கு ஜாமீனாக எழுதிக் கொடுத்திருந்தேன். முட்டி தேய்ந்துபோன என் அம்மா அந்த வீட்டில்தான் கீழ் அறையில் படுத்திருக்கிறாள்.

நகராட்சிக் காகிதத்தில் ஏழு என்றுதான் இருந்தது. என் டெண்டரிலும் ஏழு. கட்டடத்தில் எட்டு இருந்தது.

இந்த ஏழு வந்த கதை வெட்கக்கேடு. எங்கள் தொழிலில் யாரும் கதவு கதவாகப் போய் எண்ணுவதில்லை. வாசலில் நின்று அழைப்பு மணிப் பொத்தான்களை எண்ணுவோம், எழுதிக்கொள்வோம், அடுத்த கட்டடத்துக்குப் போவோம். நகராட்சி ஆளும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார். ஏழு பொத்தான், ஏழு போர்ஷன். எட்டாவதற்குப் பொத்தானே கிடையாது. அது நிலவறையில் இருந்தது. பின்பக்கச் சந்திலிருந்து ஆறு படி இறங்க வேண்டும். அங்கே இருக்கிறவரைப் பார்க்க வருகிறவர்கள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டுவார்கள்.

அவர் பெயர் கிளியோஃபஸ் வோமாக். எழுபத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக அங்கே குடியிருந்தார். பழைய சொந்தக்காரியிடம் மாதா மாதம் வாடகையைக் கையில் கொடுத்திருக்கிறார். ரசீது கிடையாது, தபால் பெட்டி கிடையாது. அவள் செத்துப் போனாள். மேலே இருந்த ஏழு குடும்பத்துக்கும் நகராட்சியிலிருந்து கடிதம் வந்து, அவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனபோது, இவர் படியில் நின்று கையசைத்திருக்கிறார். தனக்கும் கடிதம் வரும் என்று காத்திருந்திருக்கிறார். வரவில்லை. கட்டடத்துக் கொதிகலன் அவருடைய சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் குளிர் தெரியவில்லை.

அவரைக் கண்டுபிடித்தது எங்கள் குழாய்க்காரர் ஓடெல். எரிவாயுக் குழாய் ஒன்று வரைபடத்தில் இல்லாத இடத்துக்குப் போகிறதே என்று அதன் பின்னாலேயே போனார், நானும் கூடப் போனேன். ஒரு கதவு வந்தது. தட்டினார். கையில் தோசைத் திருப்பி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கிழவர் கதவைத் திறந்தார்.

"வந்துட்டீங்களா! எப்பதான் என் பக்கம் வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் பெரியாளா பொண்ணு? சமையல் ரூமுக்கு வெளிர் மஞ்சள் அடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"பாக்கலாம் மிஸ்டர் கிளியோ" என்றேன். அதைத்தான் சொன்னேன். வரைபடத்தில் அந்த இடம் சாமான் அறை. அடுத்த மாதம் அந்தச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது.

அவரைக் கண்டுபிடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளும் நான் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. நாளைக்கு யோசிப்போம், நாளைக்கு யோசிப்போம் என்று தள்ளினேன். மத்தியானம் ஆட்கள் நால்வரும் அவர் அடுப்பில்தான் சாப்பாட்டைச் சூடு பண்ணினார்கள். அவர் சோளரொட்டி சுட்டுப் போடுவார். பனியில் வேலை செய்கிறவனுக்குச் சூடான சோளரொட்டி கிடைத்தால் அவன் எந்தச் சட்டத்தையும் நினைப்பதில்லை. இந்த டெண்டரில் எங்களிடம் தோற்ற எவனோ ஒருவன் சந்துப் பக்கம் புகை போவதைப் பார்த்து நகராட்சிக்குக் கடிதம் போட்டிருக்கிறான். அதனால்தான் அந்த ஃபோன்.

ஏழேகாலுக்கு ஆட்களை முன்வாசலில் கூட்டினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கூப்பிட்டுச் சொல்லிடு லவோன்" என்றார் ஓடெல். அவர் சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், பொய் அவருக்கு ஆகாது. "இப்பவே சொல்லிடு. ஒம்போது நாள் லேட்டு, அவ்வளவுதான்."

"சொன்னா என் வீடு போயிடும் ஓடெல்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்குக் கூட்டல் தெரியாதா?"

பட்டி பார்க்கும் ரெனார்ட் தாடையைச் சொறிந்தான். முப்பது வயது, ஊரிலேயே நீளமான வாய். "இரு இரு, எனக்குப் புரியலை. எட்டுன்னா எனக்கு நாப்பத்தாறு. ஏழுன்னா இருபத்தொண்ணு. இதுல நான் எதுக்கு ஏழுக்கு வேலை பாக்கணும்?"

"நான் திவாலானா உனக்கு ரெண்டும் கிடையாது."

அவன் சிரிக்கப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் இரண்டு குழந்தைகள். பயம் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு நான்தான் கொண்டுவந்து பரப்பினேன்.

எங்கள் கணக்கு எளிது. அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் இருந்தால் அது போர்ஷன். இரண்டும் இல்லாவிட்டால் வெறும் அறை. பத்து மணிக்குள் அது வெறும் அறையாகிவிட வேண்டும். அதற்கு முன்னால் மிஸ்டர் கிளியோவிடம் பேச வேண்டும். அந்த வேலையை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது.

அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். தினமும் அப்படித்தான். நான் உட்காரவில்லை.

"மிஸ்டர் கிளியோ, நகராட்சியிலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. நீங்க இங்க குடியிருக்கீங்களான்னு கேட்டா, இல்லைன்னு சொல்லணும். வேலை நடக்கறதை வேடிக்கை பாக்க வந்தேன்னு சொல்லுங்க."

"ஏன் பொண்ணு? நான் இங்கதானே இருக்கேன்."

"அப்படிச் சொன்னா எனக்கு ஆபத்து."

"உனக்கு ஆபத்துன்னா சொல்ல மாட்டேன்" என்றார் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனா பொய் சொல்லிப் பழக்கமில்ல. அந்தம்மா நல்லவிதமாக் கேட்டா வாய்ல நிஜம் வந்துடுமோன்னு பாக்கறேன்."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எனக்கு இருந்த பயத்தில் அவருக்கும் பாதியைக் கொடுத்துவிட வேண்டும் போல இருந்தது.

"உங்களுக்கும்தான் ஆபத்து. அனுமதி இல்லாத இடத்துல இருபத்திரெண்டு வருஷம் இருந்திருக்கீங்க. அது கேஸு. உங்க பென்ஷன்ல கை வைப்பாங்க. உள்ளே தள்ளினாலும் தள்ளுவாங்க."

எல்லாம் என் வாயில் அந்த நிமிஷம் முளைத்தது. எனக்கே தெரியாத சட்டம். ஆனால் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் கறுப்பு மனிதர், எழுபத்தெட்டு வயது, கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டம் இருந்த காலத்து அலபாமாவில் பிறந்தவர். அரசாங்கம் வந்து கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கை தன்னால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். "நீயே சொல்லச் சொன்னாலும் சொல்ல மாட்டேன்."

ஓடெல் எரிவாயுவை மூடிக் குழாய்க்கு மூடி போட்டார். முழங்காலில் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரெனார்டும் நானும் அடுப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆறு படி ஏற்றினோம். அடுப்பு இன்னும் சூடாக இருந்தது.

"என் சம்பள உயர்வை நானே குப்பையில கொண்டுபோய்ப் போடறேன்" என்றான் ரெனார்ட் மூச்சிரைக்க. "உலகத்துல வேற எவனுக்கும் இந்த பாக்கியம் கிடைச்சிருக்காது. அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கு பாஸ், முழு பாவத்தையும் என் தலையிலேயே ஏத்தாதே."

அதை இரும்புக் குப்பைப் பெட்டிக்குள் தள்ளினோம். உள்ளே ஏற்கெனவே பழைய அடுப்பும் குழாயும் கிடந்தன. தொட்டி போனது. பிரிட்ஜ் போனது. அலமாரியைக் கழற்றினோம். கட்டிலைப் பிரித்து, போர்வைகளையும் துணிகளையும் என் வண்டியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டேன். மிஸ்டர் கிளியோ ஒரு மூலையில் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு, சாமான்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை மட்டும், "மருந்து அந்த நீல டப்பாவுல இருக்கு" என்றார். நான் தலையாட்டினேன். நீல டப்பா எங்கே என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

ஒன்பதரைக்கு அறை காலியாகிவிட்டது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அடுப்பு நின்ற இடத்தில் தரை வேறு நிறமாகச் சதுரமாகத் தெரிந்தது. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. காலையில் அவர் வறுத்த பன்றி இறைச்சியின் வாசனை போகவே இல்லை. ரெனார்ட் நான்கு பட்டி மூட்டைகளைக் கொண்டுவந்து அந்தச் சதுரத்தின் மேல் அடுக்கினான். நான் சின்ன ஜன்னலைத் திறந்தேன். உள்ளே வந்த குளிரில் எல்லாருக்கும் பல் கிட்டியது. எனக்கு அதற்கு முன்பே கிட்டிக்கொண்டிருந்தது.

அவள் பத்துக்கு வருவதாகச் சொன்னவள், ஒன்பது நாற்பதுக்கே வந்துவிட்டாள். வெள்ளைக் கார். பெயர் ரீமா ஸ்காஃப். நாற்பது வயதுக்குள் இருக்கும், பனிக்கான பெரிய பூட்ஸ், கையில் எழுதும் அட்டை. சிடுசிடுப்பான ஆள் இல்லை. எங்கள் எல்லாருக்கும் டோனட் வாங்கி வந்திருந்தாள். அதுவே என்னை இன்னும் கலக்கியது.

மாடி மாடியாக எண்ணினாள். மணியை அல்ல, அறையை எண்ணினாள். ஒவ்வொரு போர்ஷனிலும் சமையலறைக்குப் போய் நின்று, கோடு போட்டுக்கொண்டாள். மூன்றாவது மாடியில் ரெனார்ட் கையில் தகட்டோடு பட்டி பார்த்துக்கொண்டிருந்தான், அல்லது பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தான்.

"எந்த வேலை பண்றீங்க?"

"பட்டி. இதோ, கையிலேயே இருக்கே."

"மணிக்கு எவ்வளவு?"

"இருபத்தொண்ணு."

"இங்க எத்தனை போர்ஷன்ல வேலை?"

அவன் என்னைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாட்டில் கழுத்து நரம்பு புடைத்தது. "ஏழு" என்றான்.

"மத்தியானச் சாப்பாடு எங்க சாப்பிடுவீங்க?"

எதற்கு அதைக் கேட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குளிர்காலம், அக்கறையில் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குக் கிழவரின் அடுப்புதான் கண்முன் வந்தது.

"வண்டியில" என்றான் ரெனார்ட். நீளமான வாய்க்காரன் ஒரே வார்த்தையில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

கடைசியாக நிலவறை. நான் முன்னால் இறங்கினேன். அந்த ஆறு படியும் எனக்கு அறுபது படியாக இருந்தன. மிஸ்டர் கிளியோ கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க யாரு சார்?"

"கிளியோஃபஸ் வோமாக் மேடம். சும்மா வேடிக்கை பாக்க வருவேன். அந்தக் காலத்துல நானும் கட்டட வேலை பாத்தவன். சுத்தியல் சத்தம் கேட்டா கால் நிக்காது."

"வீடு எங்க?"

"என் தங்கச்சி வீடு. பஸ்ல போகணும்."

"இங்க யாராவது குடியிருந்தாங்களா, தெரியுமா?"

"இங்கயா? இங்க எப்படி மேடம் மனுஷன் இருப்பான்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை என்ற மனிதர், எங்கள் எல்லாரையும்விட அழகாகச் சொன்னார். ரீமா மூட்டைகளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மூக்கை லேசாக உறிஞ்சினாள். எழுதிக்கொண்டாள்.

முன்வாசல் படியில் வைத்து என்னிடம் காகிதத்தை நீட்டினாள். ஏழு போர்ஷன் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, பொய் சொன்னால் ஐந்து வருடம் வரை சிறை என்று பொடி எழுத்தில். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்ததும் வந்த நிம்மதியில் படியிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. வீடு பிழைத்தது. அம்மா பிழைத்தாள். பெட்டவே கம்பெனி பிழைத்தது.

அவள் டோனட் டப்பாவை மூடியபடி, பொழுதுபோகப் பேசுகிற மாதிரிச் சொன்னாள்:

"நல்லவேளை மேடம். எட்டா இருந்திருந்தா இன்னைக்கு எங்க ஆபீஸ்ல ஒரே ரகளை."

"உங்க ஆபீஸ்லயா? எனக்குத்தானே..."

"உங்களுக்கு என்ன? ஏழுன்னு தப்பா எண்ணினது நாங்க. டெண்டர்ல கூலிப் பட்டியலைச் சேர்க்காம விட்டதும் நாங்க. அப்படி ஆச்சுன்னா கூலி வித்தியாசம் முழுக்க நாங்கதான் கான்ட்ராக்டருக்குத் தரணும். அதான் விதி. உங்க ஆளுங்களுக்கு நல்ல கூலி, உங்களுக்கு ஒரு டாலர் நஷ்டம் வராது." அவள் பூட்ஸைப் படியில் தட்டிப் பனியை உதிர்த்தாள். "குடியிருந்தவங்க யாராவது எங்க கணக்குல விட்டுப் போயிருந்தாலும் அதே கதைதான். வேற வீடு பாத்துக் கொடுத்து, மூணரை வருஷத்துக்கு வாடகை வித்தியாசமும் கொடுக்கணும். இங்க இருந்த ஏழு குடும்பத்துக்கும் கொடுத்தமே, அது மாதிரி."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒன்பது நாள் நான் ஒரு பேயோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஒரே ஒரு ஃபோன். ஓடெல் 'யாரு சொன்னா?' என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டிருந்தால் போதும். ரெனார்டுக்கு நாற்பத்தாறு கிடைத்திருக்கும். அந்தக் கிழவருக்குப் பெரிய ஜன்னல் வைத்த வீடு கிடைத்திருக்கும், மஞ்சள் பெயின்ட் அடித்தது. அதையெல்லாம் நானே பிடுங்கிக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு, மேலே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அவள் படி இறங்கிக் காருக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் ஐந்து வருடம் கிடையாது, வழக்கு கிடையாது. அந்த நினைப்பும் வந்தது, மறைக்கமாட்டேன். காரின் கதவை அவள் திறக்கும் வரைக்கும் அந்த நினைப்போடு நின்றேன்.

"மிஸ் ஸ்காஃப்! எட்டு!"

அவள் திரும்பினாள்.

"எட்டு இருக்கு. அவர் இங்கதான் குடியிருக்கார். இருபத்திரெண்டு வருஷமா. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன். அடுப்பு குப்பைப் பெட்டியில கிடக்கு. சாமான் என் வண்டியில இருக்கு."

அவள் முகம் இறுகியது. "இப்பத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"தெரியும். என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. அவரை எழுதிக்கோங்க."

அவள் அட்டையிலிருந்த காகிதங்களைப் புரட்டினாள். பிறகு, "அவர் பேர் எந்தக் காகிதத்துலயும் இல்ல. ரசீது இல்ல, தபால் இல்ல. அவரே இல்லைன்னு சொல்லியிருக்கார். நீங்களும் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நான் பனியில் வழுக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அவர் சந்துப் படிக்கு மேலே நின்றிருந்தார். கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தேன்.

"மிஸ்டர் கிளியோ, நிஜத்தைச் சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது. நான் சொன்னதெல்லாம் பொய். உங்களுக்கு வீடு தருவாங்க. சொல்லுங்க, இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளையும் அவள் கையிலிருந்த அட்டையையும் பார்த்தார். அவர் கண்ணில் இருந்ததை நான் அறிவேன். காலையில் நான் கொடுத்ததுதான். இப்போது திருப்பிக் கேட்டால் எப்படி வரும்?

"இந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு மேடம்" என்றார் நிதானமாக. "வேலைச் சுமை. தூக்கம் இல்ல. ஏதோ பேசுது. தப்பா எடுத்துக்காதீங்க."

"மிஸ்டர் கிளியோ!"

"சார், பயப்படாதீங்க" என்றாள் ரீமா. "நீங்க இங்க இருந்தா அது தப்பில்ல. உங்களுக்கு நல்லதுதான்."

நல்லவிதமாகத்தான் கேட்டாள். அவர் நெஞ்சில் தொப்பியை வைத்துக்கொண்டார். "நான் என் தங்கச்சி வீட்டுல இருக்கேன் மேடம். இப்பக்கூட அங்கதான் கிளம்பறேன்."

அவருக்குத் தங்கை கிடையாது. ஒரே தங்கை எப்போதோ இறந்துவிட்டதாகச் சோளரொட்டி சுட்டுக்கொண்டே ஓடெலிடம் சொல்லியிருக்கிறார். அதை நான் சொன்னேன். ஓடெலும் வெளியே வந்து சொன்னார். ரெனார்டும் மேல்மாடி ஜன்னலிலிருந்து கத்தினான். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் அதிகமாகத் தலையாட்டி மறுத்தார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுக்கிறோம் என்றே நினைத்திருக்கிறார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் மாதிரிச் சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

"எங்க மேலதிகாரியைக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு ரீமா காருக்குள் உட்கார்ந்து ஃபோனை எடுத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கார் போகாமல் அவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்குப் புரிந்தது. ஜன்னலைத் தட்டி, "கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடுங்க, ப்ளீஸ், அவர் பாக்காத இடத்துக்குப் போங்க" என்றேன். அவள் காதில் ஃபோனோடு, ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாள்.

தெரு முனையில் பஸ் திரும்பியது. ஏரிப் பக்கமாக, ஊர் எல்லை வரைக்கும் போகிற பஸ். அவர் மருந்து டப்பா என் வண்டியில் இருந்ததா குப்பையில் இருந்ததா தெரியாது. கையுறை இல்லை. சட்டைப்பையில் கிழவர்களுக்குக் கொடுக்கும் பஸ் அட்டை ஒன்று மட்டும் இருந்திருக்க வேண்டும். அவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை, வெள்ளைக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் நகரவில்லை. பஸ் வந்து நின்று கதவு திறந்தது.

நான் தெரு நடுவில் ஓடினேன். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். என் வீட்டுக்காக நான் அன்று பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"மிஸ்டர் கிளியோ, ஏறாதீங்க! இதுதான் உங்க வீடு! இதுதான் உங்க வீடு!"

அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவருக்கும் கேட்டது. கேட்டதால்தான் அந்தக் கிழவர், கைப்பிடியை எட்டிப் பிடித்து, அவ்வளவு வேகமாக ஏறினார்.